அடுப்புக்கு முன்னால துண்டை உதறினேன்

வருஷம் அறுபத்தி நாலோ அஞ்சோ, சரியா ஞாபகமில்ல. தீபாவளி சீசன் நேரம். நாரணாபுரத்துல ஒரு பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்து சலிக்கிற வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வேலை முடிஞ்சா குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வெளியே போகணும்னு போர்மேன் தினமும் தொண்டை கிழியக் கத்துவார். அன்னைக்குச் சனிக்கிழமை, மத்தியானத்தோட வேலை முடிஞ்சது. தொட்டிக்கிட்ட ஒரே கூட்டம். எனக்கு நிக்கவே தெம்பில்ல. ஒரு நாள் குளிக்காட்டி என்ன குடியா முழுகிப்போகும்னு கிளம்பிட்டேன்.

சிவகாசி ரோட்டுல புருஷனும் பொண்டாட்டியுமா நடத்துன சின்ன ஓட்டல் ஒண்ணு. நான் கம்பங்கஞ்சி குடிச்சு வளந்த ஆளு. தோசைங்கிறது எங்களுக்கு நல்லநாள் பொழுதுக்குத்தான், ஓட்டல்ல உக்காந்து தின்னதே கிடையாது. அன்னைக்குப் பசியில அந்தத் தோசை வாசனை ஆளை உள்ளே இழுத்துருச்சு. அடுப்பை ஒட்டி ஒரு பெஞ்சு கிடந்தது. உக்காருறதுக்கு முன்னாடி, எங்க பக்கம் எல்லாரும் செய்யிற மாதிரி, தோள்துண்டை எடுத்துப் பெஞ்சைப் பட்பட்டுனு தட்டினேன்.

துண்டு பூரா மருந்துத் தூசி. விறகடுப்புல புஸ்ஸுனு ஆளுயரத்துக்குத் தீ எந்திரிச்சது. கண்ணை மூடித் திறக்குற நேரந்தான், அணைஞ்சுபோச்சு. ஆனா தோசை ஊத்திக்கிட்டிருந்த அந்தம்மாவோட புருவமும் முன்முடியும் கருகிப்போச்சு. சாப்பிட்டவங்க இலையை விட்டுட்டு ஓடினாங்க. "ஏலே, கூறுகெட்டவனே"ன்னு அவங்க வீட்டுக்காரர் என்னைப் பிடிச்சு வெளியே தள்ளினார். வாசல்லயே உக்காந்துட்டேன். மானம் போச்சேன்னு இருந்தது. அதுக்கு நடுவுலயும் பசிச்சது, வெக்கங்கெட்ட வயிறு.

கொஞ்ச நேரங்கழிச்சு அந்தம்மா முகத்தை ஈரத்துணியால ஒத்திக்கிட்டே வந்தாங்க. "பின்னால கிணறு இருக்கு. தலையோட குளிச்சு, துணியையும் அலசிட்டு வாங்க. சாப்பிடாமப் போகாதீக."

ஈர வேட்டியோட வந்து உக்காந்தேன். ரெண்டு தோசை வச்சு, சட்னி ஊத்தினாங்க. நான் தலை நிமிரல. "புருவந்தானே, முளைச்சுரும்"னாங்க. அப்புறம், வீட்டுல பிள்ளைக இருக்கான்னு கேட்டாங்க. ரெண்டு இருக்குன்னேன்.

"இங்கன வராம நேரா வீட்டுக்குப் போயிருந்தா, இந்தத் துண்டை எங்கன உதறியிருப்பீக?"

எங்க வீடு ஓலைக்குடிசை. அடுப்படியும் பிள்ளைக படுக்குற இடமும் ஒண்ணுதான்.

அதுக்கப்புறம் எம்புட்டோ வருஷம் அந்த வேலையைப் பாத்தேன். எம்புட்டு அசந்துபோனாலும் குளிக்காம வெளியே வந்ததில்ல. என் பிள்ளைக மேல விழ வேண்டிய தீயை யாரோ ஒரு அம்மா வாங்கிக்கிட்டு, எனக்குத் தோசையும் போட்டு அனுப்பினாங்களேன்னு நினைச்சா, இந்த வயசுலயும் எனக்கு மனசு ஆறமாட்டேங்குது.