கத்திப் பாடுகிறவனின் புது அல்பம்

ரொறன்ரோவில் இருந்த மச்சான் அனுப்பிய அந்தச் சீடி, அறிந்தவர் ஒருவரின் சூட்கேசுக்குள் இருந்து என் கைக்கு வந்தபோது, சமாதானம் முறிந்து திருகோணமலையில் திரும்பவும் சோதனைச் சாவடிகள் முளைத்திருந்தன. எனக்கு அதொன்றும் அன்று பெரிதாகத் தெரியவில்லை. என் குழுவின் புது அல்பம் வந்துவிட்டது! கிறிஸ்தவ வேதத்தை நம்புகிற நாலு பெடியன்கள், இடி விழுந்த மாதிரி றம்ஸ் அடித்து, தொண்டை கிழியக் கத்திப் பாடுகிற குழு. இதெல்லாம் ஒரு பாட்டோ என்று கேட்கிறவர்களோடு எனக்குக் கதையே இல்லை.

முந்திய அல்பத்தில் நிறையப் பிரசங்கம் வைத்தார்கள். அப்படிச் செய்யாதே, இப்படி நட என்று. சத்தியமாக எனக்கே அலுத்துப்போனது. புதியதில் அந்தப் பெரிய மனிதத் தோரணை இல்லை. பாடகனின் தம்பி செத்துப்போனானாம், மச்சான் சொன்னான். முதல் பாட்டிலிருந்தே அவன் கடவுளோடு சண்டைக்கு நிற்கிறான். எங்கே போனாய், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்கிறான். விசுவாசம் இல்லாதவன் அப்படிக் கேட்கமாட்டான். நாலாவது பாட்டுத்தான் என் உயிர். அதில் அவன் தனியாகக் கத்திக் கத்திக் குரல் உடைந்துபோக, மற்றவர்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சேர்ந்து கத்துவார்கள். கேட்டால் மயிர் கூச்செறியும்.

இயர்போனில்தான் கேட்பேன். எங்கள் வீட்டில் கத்துகிற சத்தத்துக்கு இடமில்லை. துவக்கோடு வந்தவர்கள் அண்ணாவை வீட்டுக்குள் புகுந்து இழுத்துக்கொண்டு போன அன்று, அம்மா எங்கள் ஊர் அன்புவழிபுரம் முழுக்கக் கேட்கக் கத்தினார். ஒரு கதவும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி அம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. அந்தக் கதவும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா அன்ரியின் முகம் பார்க்கவில்லை. அன்ரி முருங்கைக்காய் ஆய்ந்து எங்கள் வேலியில் வைப்பார். அது அங்கேயே காயும். அண்ணாவும் இல்லாமல், மனம் விட்டுக் கதைக்க ஒரு ஆளும் இல்லாமல் அம்மா எப்படித்தான் இருக்கப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு அம்மா பூசைக்குப் போயிருந்தார். இயர்போன் வயர் அறுந்துபோனது. ஒரே ஒரு தரம்தானே என்று ஸ்பீக்கரில் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். விசர் வேலை! ஊர் இருந்த இருப்பில், ஒருவன் தனியாகக் கதற, பிறகு நாலைந்து ஆண்கள் சேர்ந்து அதட்டுகிற சத்தம் வெளியே எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்கவேயில்லை.

வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தது அன்ரி. தலை ஈரம், காலில் செருப்பில்லை, கையில் கூட்டுகிற தும்புத்தடி.

“டேய், அவனை விடுங்கோடா! அந்த மனிசிக்கு இனி இவன் ஒருத்தன்தான்ரா!”

நான் ஓடிவந்து கதவைத் திறந்தேன். “அன்ரி, அது பாட்டு.”

“பாட்டோ?” என் தலை, தோள், கை எல்லாம் தடவிப் பார்த்தார். “நாசமாப்போவானே, எனக்கு உயிர் போயிட்டுதடா!” என்று தும்புத்தடியால் ஒன்று போட்டார். பிறகு படியில் குந்தியிருந்து அழத் தொடங்கினார்.

பூசை முடிந்து வந்த அம்மா வாசல் படலையடியில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கிட்ட வந்து, “அண்டைக்கு ஏன் நீ வரேல்லை?” என்று கேட்டார்.

“பயம் அக்கா. பிள்ளையளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கட்டிலுக்குக் கீழ கிடந்தனான். நீங்கள் கத்தினது முழுக்கக் கேட்டது.” அன்ரி சீலைத்தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “இண்டைக்கும் பயம்தான். ஆனா இன்னொருக்கா அப்பிடிக் கிடந்து கேக்க என்னால ஏலாது.”

உள்ளே ஸ்பீக்கரில் பாடகன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். நான் போய் நிப்பாட்டவில்லை.

“உவன் ஆரையடா உப்பிடிக் கூப்பிடுறான்?” என்று அன்ரி என்னிடம் கேட்டார்.

“கடவுளை.”

“வந்தவரோ?”

அம்மா அன்ரியின் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கிச் சுவரில் சாத்தினார்.

“நீ வந்தனீதானே. எழும்பு, உள்ளுக்க வா.”