வளைந்த கை யாருடையது?

ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அவளுக்குப் பெயரே வளைவக்கா. வானத்து ரேடியோப் படங்களில் வளைந்த குவேசார்களைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் வேலை.

குவேசார் என்பது வெகுதொலைவில் ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் தகிக்கும் பேரொளி. அதன் இரு பக்கமும் பீய்ச்சியடிக்கும் தாரைகள் படத்தில் நீட்டிய கைகள் போலத் தெரியும். சிலவற்றில் மட்டும் கை மடங்கியிருக்கும். அக்கம்பக்கத்தில் விண்மீன் மண்டலங்கள் நெருக்கியடித்துக் கிடந்தால், அவற்றுக்கிடையே உள்ள சூடான வாயு தாரைகளை வளைத்துவிடுகிறது என்று அவள் குழு கட்டுரை எழுதியிருந்தது. இருப்பதிலேயே அதிகம் வளைந்ததை முகப்புப் படமாகப் போட்டிருந்தார்கள்.

கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் அந்தப் படத்தைச் சும்மா பெரிதாக்கிப் பார்த்தாள். சுற்றிலும் வெறும் வெளி. அப்படியென்றால் அதை வளைத்தது எது? அந்தக் கை அதனுடையதே இல்லையோ?

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"எங்கேயோ ஒரு கை வளைஞ்சதுக்கு நீ ஏன் இப்படி இளைக்கிற?" என்றான் கணவன்.

"இது தப்புன்னா மத்ததும் தப்பா இருக்கலாமே. எல்லாத்தையும் பொறுக்கினது நான்தானே?"

"அப்போ போய்ச் சொல்லிடு."

"சார் கடிச்சுக் குதறிடுவாருப்பா."

மறுநாள் சொன்னாள். குழுத் தலைவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"இத இப்பவாம்மா சொல்ற?"

"இப்பதான் சார் கண்ணுல பட்டுச்சு."

"சரி, கட்டுரைய நிறுத்து. பெரிய கண்ணாடித் தொலைநோக்கியில ஆழமா ஒரு படம் கேட்போம்."

அங்கே மேகம். மறுபடி மேகம். மின்னஞ்சல் வந்து விழும் ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கடைசியில் படம் வந்தது. மடங்கிய கையின் நட்டநடுவில் மங்கலாக வேறொரு விண்மீன் மண்டலம். தூரத்தை அளந்தார்கள்; குவேசாருக்கு வெகு முன்னால் இருந்தது. கை குவேசாருடையது இல்லை; இந்த மண்டலத்துடையதுதான்.

எல்லாப் படங்களையும் மறுபடி சலித்தாள். இன்னும் சில கழிந்தன. மிஞ்சியவையும் நெரிசலான இடங்களில்தான் கூடுதலாக வளைந்திருந்தன. ஆனால் முன்பு அடித்துச் சொன்ன அளவுக்கு இல்லை. கட்டுரையின் குரலைத் தணித்து, வேறு படம் வைத்து, தாமதமாக அனுப்பினார்கள்.

"இனிமேலாவது நிம்மதியா சாப்பிடு," என்றான் கணவன்.

தலையாட்டினாள். கழிக்காமல் விட்டவற்றில் ஒன்று மட்டும் அவள் மனதை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.