எல்லையை முதலில் கீறிய பிலோமினா அக்கா

கடை வாசலில் மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லண்டன் பிளேஸ்டோவில் இருந்த பிலோமினா அக்கா பஸ் தரிப்பிடத்தில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டார். நான் மிச்சப் பெட்டிகளையும் இறக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மன்னாரில் எங்கள் காணிகள் ஒரே சரிவில், ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் நாமெல்லோரும் லண்டனில். கிரவல் மண் தோண்டி அள்ளிய கிடங்குகளிலிருந்து ஒவ்வொரு மாரியும் மேல்மண் அரித்துக்கொண்டு போனது. காணிக்காரர் அனைவரும் ஒப்பமிட்டுக் கேட்டால் அந்தச் சரிவை மண் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கலாம் என்று விசாரித்து அறிந்தவர் அக்காதான்.

இங்கே தேவாலயப் பங்கு மண்டபத்தில் நடந்த முதல் கூட்டம், காணிக்காரரான உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கம்போல யார் தலைவர் என்றுதான் தொடங்கினோம்.

"தலைவர் கிடக்கட்டும். முதல்ல எல்லையைக் கீறுங்கோ. ஆரின்ர காணிக்குப் பக்கத்தில ஆரின்ர காணி எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்குள்ள மாலையும் பொன்னாடையுமோ?" என்றார் அக்கா. சிரித்தபடி தாளில் கீறினோம்.

ஒப்பமிடாமல் இழுத்தடித்தவன் நான். என் காணியில் கிரவல் அள்ள ஒருவனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தேன். "இது வியாபாரம் அக்கா" என்றேன்.

"உம்மட கிடங்குக்கெண்டு தனியா மழை பெய்யாது தம்பி. அது என்ர காணியையும் இழுத்துக்கொண்டுதான் போகுது."

பல தடவை வந்தார். கடைசியில் அள்ளுவதை நிறுத்தி ஒப்பமிட்டேன். அதிலும் ஒரு கள்ளம் செய்தேன். அது பிரிக்காத காணி. பாதி, லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் என் அண்ணனுடையது. எங்களுக்குள் பேச்சில்லை. அதனால் முழுவதும் எனதென்று எழுதிக்கொடுத்தேன். மன்னார் அலுவலகம் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, எல்லோருடைய விண்ணப்பத்தையும் சேர்த்தே திருப்பி அனுப்பியது.

அக்கா ஏசவில்லை. "உம்மட அண்ணையிட்ட ஒப்பம் கேட்டு நான் போக ஏலும். ஆனா போகமாட்டன். நீர்தான் போகோணும்."

ஒரு வருடம் நான் போகவில்லை.

அடக்கம் முடிந்த அன்று போனேன். அண்ணை கதவடியில் நின்றபடியே ஒப்பமிட்டார். "இதுக்கு அந்த மனுசி சாகோணுமோடா?" என்றார்.

அடுத்த கிழமை அலுவலகத்துக்கு போன் எடுத்தேன். அக்காவின் ஒப்பம் இனிச் செல்லாதாம். அவருடைய காணி பிள்ளைகள் பெயருக்கு மாறிய பிறகுதான் மற்றதெல்லாம். அதற்குள் எத்தனை மாரி வந்துபோகுமோ தெரியாது. சரிவின் நடுக்காணி அவருடையது; அதை விட்டுவிட்டு அறிவிக்க முடியாதாம்.

வியாபாரத்தில் நான் ஒரு நாளைக்கூட வீணாக்கியவன் அல்ல. அக்காவிடம் நான் பட்ட கடன், அவர் பொறுத்துக்கொண்ட அந்த ஒரு வருடம். அதைத் திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை.