ஆள் சேராமல் எழுந்திருக்கக் கூடாது

எண்ணூர்ப் பக்கம் எங்கள் குப்பத்தில் கூடி உட்கார இடத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அண்ணனைக் கேட்டால் கேரம் கிளப் என்பான். அக்காவுக்குத் தண்ணீர் லாரி நிற்கும் முனை. கடலோரத்தில் வலை பின்னும் வலைக்கொட்டாய் மட்டும் எல்லோருக்கும் பொது. கல்யாணப் பேச்சு, பஞ்சாயத்து, சாவுக்குப் பிறகு வரும் சண்டை எல்லாம் அங்கேதான்.

பக்கத்துக் கெமிக்கல் கம்பெனியிலிருந்து கேஸ் நாற்றம் வந்தாலும் அங்கேதான் ஓடுவோம். கடற்காற்று அதை மேற்கே தள்ளிவிடும் என்பது பெரியவர்கள் கணக்கு. அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார்கள்: வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்து சேராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

அந்தக் கொட்டாயைக் கடல் தின்றுவிட்டது. அலையைத் தடுக்க மிச்சத்தின் மேல் கருங்கல்லைக் கொட்டினார்கள். அப்பா தினமும் அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டு, கொட்டாய்க்குப் போய் வந்ததாகச் சொல்வார். இழுப்பு நோய்க்காரர். அண்ணனும் நானும் புதுச் சட்டம் போட்டோம். இனி நாற்றம் வந்தால் ரயில்வே ஸ்டேஷன். வண்டி ஏறி ஊரைவிட்டே போய்விடலாம். அப்பா பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தபோது நாற்றம் வந்தது. கண் எரிய, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினோம். அண்ணன், அண்ணி, அக்கா எல்லோரும் வந்துவிட்டார்கள். அப்பாவைக் காணோம். அவருடைய போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு அம்மா தினமும் ஷேர் ஆட்டோவில் வந்து கொட்டாய் இருந்த இடத்துக்கு எதிரில்தான் இறங்குவாள். அன்று கன்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்து நின்றதால் பாதி வழியில் ஆட்டோவை விட்டு ரயிலில் வந்தாள். மீன் இருந்த அன்னக்கூடையோடு பிளாட்பாரத்தில் இறங்கியவள் எங்களைப் பார்த்ததுமே கேட்டாள்: "உங்க நைனா எங்கடா?"

அண்ணன் ஸ்டேஷன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். "அய்யோ, எனக்காகக் கொட்டாயாண்ட குந்திகினு இருப்பாருடா!" என்று கூடையை அப்படியே போட்டாள்.

ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் நின்ற ஒருவரிடம் பைக்கை வாங்கிப் பறந்தேன். கடற்கரையில் நாற்றம் இன்னும் மோசம். அப்பா கல்மேல் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மார்பு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

"எந்திரி நைனா. அம்மா ஸ்டேஷன்ல கீது."

"பொய் சொல்லாத. அவ ஆட்டோ இன்னும் வர்ல. நா இல்லாங்காட்டி தேடுவா."

பிடித்து இழுத்தேன். கல்லை இறுக்கிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடித்திருப்பேன். அண்ணனுக்குப் போன் போட்டு அப்பாவின் காதில் வைத்தேன். "இங்கதான்யா கீறேன், வா" என்று அம்மா கத்தியது எனக்கே கேட்டது.

உடனே எழுந்தார். கல்லிலிருந்து இறங்கி ரோட்டுக்கு வந்ததும் என்மேல் சாய்ந்துவிட்டார். லாரிகள் இன்னும் நகரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இல்லை.

காற்றில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்பெனியில் சொன்னார்கள். அவருக்கு ஏற்கெனவே இழுப்பு இருந்ததாமே என்று எங்களையே கேட்டார்கள். யாரிடம் போய் முட்டிக்கொள்வது? புகைக்கூண்டு மறுநாளே புகைய ஆரம்பித்துவிட்டது.

அம்மா அவர்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மீன் அலசும்போது, சோறு வடிக்கும்போது, ஒன்றையேதான் கேட்கிறாள்: "லாரி நின்னா இன்னாடா? நா எறங்கி நடந்தே வந்துருக்கலாம் இல்ல?"