மூன்று சிலிண்டரும் ஒரே மாதிரி

என் வீட்டுக்காரர் டிராக்டர் மெக்கானிக். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும், "இன்ஜின் போச்சுங்க, தேறாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். சொந்த அண்ணன் எதிரே மட்டும் வாய்ப்பூட்டு. அண்ணன் போட்டுக் கழித்த சட்டையில் வளர்ந்தவர். தலை நரைத்த பிறகும் அவர் எதிரே உட்கார்ந்ததில்லை.

அந்த உத்தம அண்ணன் தன் பழைய டிராக்டரைத் தள்ளிவிடப் பார்த்தது யார் தலையில் தெரியுமா? கூடப் பிறந்த தங்கை தலையில்! கூலிக்கு உழுது பிள்ளைகளைக் கரையேற்றலாம் என்று, இருந்த மனையை விற்றுவிட்டு வந்து நின்றாள் என் நாத்தனார். "சின்னண்ணன் பாத்துச் சொல்லட்டும், எடுத்துக்கறேன்" என்றாள்.

அண்ணன் வீட்டு ஷெட்டுக்குப் போனோம். இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் இவர் கம்ப்ரஷன் பார்ப்பார், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று. பெரியவர் விடவில்லை.

"அதெல்லாம் வேணாம்டா. நேரா மாட்டிப் பாரு."

இவரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டீசலை அடைத்து, டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். நான் சீட்டில் ஏறி ஸ்டார்ட்டரை அடித்தேன். முள் நானூறுக்கு எகிறியது. மூன்று சிலிண்டரும் அச்சு அசலாக அதே நானூறு.

"பாத்தியா, குதிரை!" என்று தங்கையின் தோளில் தட்டினார் பெரியவர்.

இவர் முகம் சுண்டிப்போனது. புகை கக்கும் கிழட்டு இன்ஜினுக்கு இவ்வளவு மூச்சு ஏது? ஓட்டைக்குள் கம்பியை விட்டு எடுத்தார். கொழகொழவென்று கியர் ஆயில். பிஸ்டனைச் சுற்றியுள்ள தேய்ந்த ரிங்கின் இடுக்கை எண்ணெய் அடைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் காற்று கசியாது, முள்ளும் ஏறும். தங்கை வருகிறாள் என்று பெரியவர் காலையிலேயே இன்ஜெக்டர்களைக் கழற்றி ஊற்றி வைத்திருக்கிறார். ஓட்டினால் எண்ணெய் போய்விடும் என்றுதான் சூடாக்கவும் விடவில்லை. த்தூ, இதுவும் ஒரு பிறவியா!

இவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். இப்போதும் உண்மையை முழுங்கிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேஜையும் மூன்று இன்ஜெக்டரையும் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஸ்டார்ட்டரை அடி. நான் சொல்ற வரைக்கும் விடாதே."

மூன்று ஓட்டையிலிருந்தும் எண்ணெய் பீய்ச்சியடித்தது. மறுபடி மாட்டியபோது முள் இருநூறைத் தாண்டவில்லை.

"கேஜ் கெட்டுப்போச்சுடா" என்றார் பெரியவர், கூச்சநாச்சமே இல்லாமல்.

நாத்தனார் அவர் பக்கம் திரும்பவில்லை. "சின்னண்ணா, நீ சொல்லு. எடுக்கட்டுமா?"

"வேணாம்மா. ரிங் போயிடுச்சு. எண்ணெய ஊத்தி மறைச்சிருக்காரு."

பெரியவர் அதற்கும் அசரவில்லை. "அவ எடுக்காட்டி போறா. இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்திப் பழையபடி மாட்டிடுடா. நாளைக்கு வேறொருத்தன் பாக்க வரான்."

"எண்ணெய் இல்லாம மாட்டித் தரேண்ணே" என்றார் இவர். "அவரு வரும்போது கேஜோட நானும் வரேன்."