ஈஸ்டர் வந்தும் முடியாத உபவாசம்

அன்பான சபையாரே, நான் செங்கல்பட்டு மேரி. உடம்பும் மனசும் ஓய்ஞ்சு போய்த்தான் இதை எழுதுறேன். ஆனாலும் ஆண்டவர் எங்களுக்குச் செஞ்சதை மூடி வைக்க மனசு வரல.

என் மக ஜெனி பொத்தேரியில காலேஜ் படிக்கிறா. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளும், லெந்து காலத்துல, வீட்டோட சாயங்காலம் வரைக்கும் உபவாசம் இருந்தோம். ஜெபம் முடிஞ்சதும் கஞ்சி குடிப்போம். அவ அந்தக் கஞ்சியும் வேணாம்னா. சபையில எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க.

"இந்த வயசுல இன்னா பக்தி பாரு! எங்க வூட்லயும் ஒண்ணு கீதே, பரோட்டான்னா பல்லை இளிச்சுக்கினு ஓடுது" என்று பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா சிரிச்சாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

அப்புறம் அவ முடி கொத்துக் கொத்தா சீப்புல வந்துச்சு. பங்குனி வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா. மாதவிலக்கும் நின்னு போச்சு. கேட்டா, "ஒண்ணுமில்லம்மா, உபவாசம்"பா. எலும்பும் தோலுமா கண்ணாடி முன்னால நின்னு, "எவ்ளோ குண்டா கீறேன் பாரும்மா"ன்னு அழுவா. எனக்கு ஒண்ணும் விளங்கல.

ஈஸ்டர் விடியற்காலையில மாமல்லபுரம் கடற்கரையில ஆராதனை. முடிஞ்சதும் ஆளுக்கொரு இட்லி, வடகறிப் பொட்டலம் கொடுத்தாங்க. உபவாசம் முடிஞ்ச சந்தோஷம், அடிச்சுப் பிடிச்சு சாப்பிட்டோம். ஜெனியும் சாப்பிட்டேன்னா. கொஞ்ச நேரத்துல அவ பக்கத்துல ஒரு நாய் மணலைக் கிளறிச்சு. பிரிக்காத பொட்டலம் வெளியே வந்துச்சு. நான் அவளைப் பார்த்தேன். எழுந்து நின்னா. அப்படியே மணல்ல சரிஞ்சா.

அவ அப்பா கம்பெனி பஸ் ஓட்டறவர், அரிசி மூட்டையைத் தனியா தூக்கற மனுஷன். அவளைத் தூக்கினதும், "வெயிட்டே இல்லையேடி"ன்னு அழுதுட்டார்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க: "இது உபவாசம் இல்லம்மா, நோய். அனோரெக்சியான்னு பேரு. பல மாசமாவே உள்ளுக்குள்ள இருந்திருக்கு. பிடிவாதமும் இல்ல, திமிரும் இல்ல. சாப்பிட்டா குண்டாயிடுவோங்கற பயம் மனசைப் பிடிச்சு வச்சிருக்கு. இதயத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு, உயிருக்கே ஆபத்து. நீங்களா திடீர்னு நிறைய ஊட்டிடாதீங்க, அதுவும் ஆபத்து. இங்க தங்கணும். மனசுக்கும் வைத்தியம் பார்க்கணும்."

அவளோ, "வூட்டுக்குப் போலாம்"னு ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தா. என் நாத்தனார், "ரெண்டு அறை வுட்டு ஊட்டு, தானா துன்னும்"னா. நான் வெளியே வந்து படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன். "ஆண்டவரே, என்னால முடியல. இவளைத் தங்க வைங்க"ன்னு மட்டும் சொன்னேன். அதையே சொல்லிக்கிட்டிருந்தேன்.

உள்ளே போனப்ப ஜெனி என் கையைப் பிடிச்சா. கை சில்லுன்னு இருந்துச்சு. "அம்மா, நான் ஜெபத்துக்காக உபவாசம் இருக்கல. நிறுத்தணும்னு பார்க்கறேன், முடியல. பயமா கீதும்மா. இங்கயே இருக்கேன்."

எனக்குக் கிடைச்ச பதில் அதுதான்.

ஒரே நாள்ல குணமாச்சுன்னு சொன்னா பொய். தட்டு பறந்திருக்கு. சோத்தைத் துணியில ஒளிச்சு வச்சிருக்கா. தேறி வந்து மறுபடியும் சறுக்கினா. இன்னமும் மனநல டாக்டர்கிட்ட போய்க்கிட்டிருக்கோம். நான் களைச்சுத்தான் போயிருக்கேன். ஆனா என் புள்ள உயிரோட இருக்கா, ஸ்தோத்திரம்.

இந்த வருஷம் லெந்து தொடங்கினப்ப எங்க போதகர் பீடத்துல நின்னு, "நோயாளிங்க உபவாசம் இருக்க வேணாம், அவங்க சாப்பிடறதே ஆண்டவருக்குப் பிரியம்"னு சொன்னார். சின்ன வயசுலேர்ந்து லெந்து உபவாசத்தை விடாதவ நான். இந்த வருஷம் விட்டுட்டேன். எதிர்ல ஒருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடறா. அதுதான் இப்ப என் ஜெபம்.

உங்க வீட்டுல ஒரு புள்ள இப்படிச் சாப்பாட்டை விட்டு ஒதுங்கி ஒதுங்கிப் போனா, மெச்சிக்காதீங்க, அடிக்காதீங்க. முழங்கால் போடுங்க, எழுந்ததும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரெண்டுலயும் ஆண்டவர் இருக்கார், நம்புங்க.

நேத்து மத்தியானம் கீரைக் குழம்பு. ஜெனி பாதியில கையை எடுத்துட்டா. நானும் எடுத்துட்டுக் காத்திருந்தேன். ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு, "துன்னும்மா, ஆறிப் போவுது"ன்னு சொல்லிட்டு, அவளே முதல்ல ஒரு வாய் எடுத்து வச்சா.