கன்னத்தில் குழி விழுந்த படம்

போட்டோ புடிக்கற தொழில்ல பட்டனை அழுத்த ஒரு நொடி போதும். அழுத்தினதைப் பத்தி ஊர் சொல்றதைக் கேக்கத்தான் ஆயுசு பத்தாது.

கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளையோட பெரியப்பா தலை பாதி வெட்டுப்பட்டுப் போச்சுன்னு மூணு மாசம் பேச்சு வாங்கினவங்க, "இதுக்கு ஆதார் கார்டு போட்டோவே தேவலாம்"னு மூஞ்சிக்கு நேரா கேட்டுக்கினவங்க யாராவது இருந்தா வாங்க, இப்படிப் பக்கத்துல உக்காருங்க. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால நானும் எங்க வூட்டுக்காரரும் ஸ்டுடியோ வெச்சிருக்கோம். அவர் வீடியோ, நான் போட்டோ. இருபது வருஷம் ஆச்சு. இப்போ சொல்லப்போறது ஒரே ஒரு படத்தோட பாடு. ஒரு அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்கற படம். பார்த்தவங்க அத்தனை பேரும் கருத்து சொன்னாங்க. நான்தான் கேட்டேன், தப்பு என்னோடதுதான்.

மை டப்பா

தாய்ப்பால் வாரத்துக்குச் சுவத்துல மாட்டப் பெரிய படம் ஒண்ணு வேணும்னு ஒரு ஆபீஸ்ல கேட்டாங்க. எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, நாளைக்கும் நான் அந்தப் படி ஏறணும். கல்வராயன் மலைத் தாயா இருந்தா நல்லா இருக்கும்னாங்க. கச்சிராயபாளையம் வழியா வெள்ளிமலை பஸ்ஸைப் புடிச்சேன். மூணு வூட்டுல கேட்டேன். பால் குடிக்கற புள்ளையைப் படம் புடிச்சா கண்ணு பட்டுப் பால் வத்திடும்னு ரெண்டு வூட்டுல கதவைச் சாத்திட்டாங்க. மூணாவது வூட்டுல கோகிலா. தலைச்சன், பொண் குழந்தை, பொறந்து நாப்பது நாள். "எடுத்துக்கோங்கக்கா"ன்னு சிரிச்சா. அவ மாமியார் சிரிக்கல. என்னையும் கேமராவையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அப்புறம் உள்ள போய் மை டப்பாவை எடுத்துக்கினு வந்து, குழந்தை கன்னத்துல எட்டணா அகலத்துக்கு ஒரு பொட்டு வெச்சாங்க.

குழந்தை உறிஞ்சறப்போ கன்னத்துல அழகா ஒரு குழி விழுந்துச்சு. அந்தக் குழிக்காகவே காத்துக்கினு இருந்தேன். குழி விழற நேரம் பார்த்து கோகிலா கண்ணை மூடினா, வாசல் வெளிச்சம் அவ முகத்துல சரியா வந்து விழுந்துச்சு. எடுத்துட்டேன். சத்தியமா சொல்றேன், இப்படி ஒரு படம் எனக்கு அமைஞ்சதே இல்ல. கிளம்பறப்போ மாமியார் வாசல் வரைக்கும் வந்தாங்க.

"படம் எங்க போனாலும் அந்தப் பொட்டும் கூடப் போவணும். பொட்டு இல்லாம என் பேத்தி எங்கியும் போவ மாட்டா, சொல்லிட்டேன்."

நானும் சரின்னு தலையாட்டிட்டுத்தான் வந்தேன்.

ரெண்டு மாதிரியும் வேணும்

ஆபீஸ்ல லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். சார் மொதல்ல மின்விசிறியைப் பார்த்தாரு, அப்புறம் ஜன்னலைப் பார்த்தாரு, கடைசியா படத்துக்கு வந்தாரு. "ஆகா, கன்னத்துல குழி! அந்தக் கண்ணை மூடின பூரிப்பு இருக்கு பாருங்க, அதுதான் மேடம் தாய்மை"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. உடனே, "அந்தக் கறுப்புப் பொட்டை எடுத்துடுங்க. மூடநம்பிக்கையை நாமளே பரப்பலாமா?"ன்னு கேட்டாரு. வாக்கு கொடுத்திருக்கேன் சார்னேன். மலையில இருந்து யாரு வந்து பார்க்கப் போறாங்கன்னாரு. அவர் எதிர்லயே உக்காந்து பொட்டை அழிச்சேன். ரெண்டு நிமிஷ வேலை. இருபது வருஷமா பரு, தழும்பு, மச்சம்னு அழிச்சுப் பழகின கை, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

பொட்டு போனதும் மாராப்புக்கு வந்தாரு. இன்னும் கொஞ்சம் மேல ஏத்த முடியுமான்னு கேட்டாரு. ஏத்தினா குழந்தை மறைஞ்சிடும் சார்னேன். மறுபடி மின்விசிறியைப் பார்த்தாரு.

"மேடம், பால் கொடுக்கற மாதிரியும் இருக்கணும், கொடுக்காத மாதிரியும் இருக்கணும்."

குரூப்ல போட்டது

எங்க தொழில்காரங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. உளுந்தூர்பேட்டையில இருந்து சங்கராபுரம் வரைக்கும் கேமரா வெச்சிருக்கற ஆம்பளைங்க எல்லாரும் அதுல இருக்காங்க. பொம்பளைன்னு பார்த்தா நான் ஒருத்திதான். பெருமை தாங்காம, கோகிலாகிட்ட ஒரு வார்த்தைகூடக் கேக்காம, படத்தை அதுல போட்டுட்டு "கருத்து சொல்லுங்க"ன்னு எழுதினேன். இப்போ நினைச்சா என்னையே அறையணும் போல இருக்கு.

வந்துச்சு பாருங்க கருத்து. குழி சூப்பர்னு இருபது பேர். கண்ணை மூடினது செம ஃபீல்னு பத்துப் பேர். ஓரத்துல அந்தம்மா கால் தெரியுது, வெட்டிடுங்கன்னு ரெண்டு பேர். என்ன லென்ஸ்னு கேட்டவங்களுக்குக் கணக்கே இல்ல. ஒருத்தர் கும்பிட்டாரு. ஒருத்தர் எதுக்குன்னே தெரியல, பிறந்தநாள் கேக் அனுப்பினாரு. கடைசியா குரூப் அட்மின் வந்து படத்தை அழிச்சிட்டு, கீழ எனக்கு ஒரு புத்திமதி போட்டாரு.

"மேடம், குரூப்ல லேடீஸ் இருக்காங்க, பார்த்துப் போடுங்க."

வூட்டுக்காரர் தீர்ப்பு

எங்க வூட்டுக்காரர் வாயில இருந்து பாராட்டு வாங்கறதும் கல்லுல நார் உரிக்கறதும் ஒண்ணு. மனுஷன் சாப்பிட்டுக்கினே எட்டிப் பார்த்தாரு. ரசத்தை ஊத்திக்கினு மறுபடி பார்த்தாரு. உங்களுக்குக் கலைன்னா இன்னான்னு தெரியாதுன்னு நான் சண்டைக்கே போயிட்டேன். ஆனா கருத்து சொன்ன அத்தனை பேர்லயும் ஓரளவு உருப்படியாச் சொன்னவர் அவர்தான்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. அதை இன்னும் அவர்கிட்ட சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க.

"கண்ணு மூடிக்கினு இருக்குதே. இதை ஆல்பத்துல வெச்சா கஸ்டமர் தூக்கி மூஞ்சில அடிப்பான். இன்னொண்ணு எடுத்திருக்கலாம் இல்ல?"

மலையில இருந்து போன்

பொட்டு அழிச்ச படத்தையே கோகிலாவோட போனுக்கும் அனுப்பித் தொலைச்சிருந்தேன். ஒரு வாரம் கழிச்சு அவ கூப்பிட்டா. பேச்சை விட அழுகைதான் ஜாஸ்தி. பாப்பாவுக்கு எடையே ஏறலையாம். ராப்பகலா அழுவுதாம். "எம் பால் வத்திப் போச்சாம்க்கா. டப்பா பால் வாங்கியாரச் சொல்லிட்டாங்க. நான் கொடுத்தாலும் பாப்பா கத்துதுக்கா"ன்னா. அவங்க வூட்டுக்குத் தண்ணி ஓடையில இருந்து வருது. அந்தத் தண்ணியில கரைச்சு அந்தப் பச்ச மண்ணுக்கு ஊத்தினா வயித்தால போவுமேன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள போனை மாமியார் புடுங்கிட்டாங்க.

"பொட்டு எங்கடி? ஒரு பொட்டைக் காப்பாத்தத் தெரியாதவளுக்குக் கேமரா ஒரு கேடா?"

நர்சம்மா சிரிக்கல

கண்ணு படும்ன்றதுல எனக்கு நம்பிக்கை இல்லீங்க. ஆனா மறுநாள் காலையில ஸ்டுடியோவுல உக்காந்து, அழிச்ச பொட்டை அதே இடத்துல திரும்ப வெச்சுக்கினு இருந்தேன். லேப்டாப்புல பொட்டு வெச்சா மலையில பால் ஊறுமா? இருந்தும் வெச்சேன்.

அப்போ எஸ்தர் சிஸ்டர் வந்தாங்க. பிரசவ வார்டுல ரொம்ப வருஷம் இருந்த நர்சம்மா. அடையாள அட்டைக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும்னு வந்தவங்க, நாற்காலியில உக்காராம ஸ்கிரீனையே பார்த்துக்கினு நின்னாங்க. "குழி எப்படி இருக்கு சிஸ்டர்?"னு கேட்டேன். அந்த நேரத்துலயும் எனக்கு அந்த அரிப்பு போகல பாருங்க.

"குழி விழவே கூடாதும்மா. பால் இறங்கினா கன்னம் உப்பிக்கினு இருக்கும். இது காம்பு நுனியை மட்டும் சப்பிக்கினு இருக்கு. பாலு இருக்கு, புள்ள வாய்க்குத்தான் போவல."

"அவ கண்ணை மூடினதை எல்லாரும் பூரிப்புன்றாங்களே சிஸ்டர்?"

"பூரிப்பா? அந்த ஓரத்துல காலைப் பாரு. கட்டைவிரல் எப்படி மடங்கிக் கிடக்குது? புண்ணாயிருக்கும்மா. வலி பொறுக்காம கண்ணை மூடிக்கினு இருக்கா."

பார்த்தேன். குரூப்ல வெட்டச் சொன்ன கால். விரல் முறுக்கிக்கினு இருந்துச்சு. நானும் ஒண்ணைப் பெத்துப் பால் கொடுத்தவதான், அந்த வலி எனக்கும் தெரியும். தெரிஞ்சும், ஒரு பொண்ணு வலியில துடிக்கறதை அழகு அழகுன்னு ஊரெல்லாம் காட்டிக்கினு திரிஞ்சிருக்கேன். எனக்கு அழுகை வந்துடுச்சு, வெக்கமில்லாம கஸ்டமர் எதிர்லயே அழுதேன். சிஸ்டர் சமாதானம் எல்லாம் சொல்லல. பையைத் தோள்ல மாட்டினாங்க.

"என் மூஞ்சி எங்கியும் ஓடிடாது, அப்புறம் எடுத்துக்கலாம். வெள்ளிமலை பஸ் எத்தனை மணிக்கு?"

கேமராவுக்கும் ஒரு பொட்டு

மாமியார் சிஸ்டரை உள்ள விட்டாங்க, என்னை விடல. பலா மரத்தடியில நின்னேன். அங்க இருந்தே மாடத்துல இருந்த பால் டப்பா தெரிஞ்சுது. நல்லவேளை, இன்னும் மூடி தொறக்கல. உள்ள சிஸ்டர் பேசறது மட்டும் காதுல விழுந்துச்சு. "குனியாதே, நீ நிமிர்ந்து உக்காரு. மாரைப் புள்ளகிட்ட கொண்டு போவாதே, புள்ளைய மாருகிட்ட கொண்டு வா. இரு, அவசரப்படாதே, வாயை ஆன்னு பெருசா தொறக்கட்டும்." குழந்தை வீல்னு கத்துச்சு. எடுத்துட்டு மறுபடி. மறுபடியும் கத்தல். நான் கும்பிடாத சாமி இல்ல. மூணாவது தடவைக்கு அப்புறம் சத்தமே இல்ல. அப்புறம் சின்னதா ஒரு சத்தம் கேட்டுச்சு, பால் தொண்டையில இறங்கற சத்தம்.

"ஏம்மா கேமரா, உள்ள வா"ன்னு சிஸ்டர் கூப்பிட்டாங்க. போனேன். குழி இல்ல. கன்னம் பூரி மாதிரி உப்பிக்கினு இருந்துச்சு, முகவாய் நல்லா அழுந்திக் கிடந்துச்சு. கோகிலா கண்ணை அகலமா தொறந்து, வாயையும் தொறந்துக்கினு, குழந்தையையே பார்த்துக்கினு இருந்தா. கால் விரல் நீட்டிக் கிடந்துச்சு. வெளிச்சம் சரியில்ல, பின்னால கொடியில துணி வேற. இருந்தும் கேமராவைத் தூக்கினேன். மாமியார் எனக்கு முன்னாலயே மை டப்பாவோட நின்னாங்க. குழந்தை கன்னத்துல ஒண்ணு வெச்சாங்க, கோகிலா கன்னத்துல ஒண்ணு வெச்சாங்க, போதாததுக்கு என் கேமரா தலையிலயும் ஒண்ணு வெச்சாங்க. அவங்க போன்ல இருந்த பழைய படத்தை அழிச்சாச்சு. என்கிட்ட கேமராவுல, கூடக் கொண்டுபோன லேப்டாப்புல இருந்ததையும், ஒண்ணு விடாம, அவங்க கண்ணு எதிர்லயே அழிக்கற வரைக்கும் நகரல. நான் அழிச்சேன். மனசு அடிச்சுக்கிச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம்தான் மாமியார் எடுக்க விட்டாங்க, ஒண்ணே ஒண்ணு எடுத்தேன்.

"இப்போ எடு, பயமில்ல. பாலு வத்தினது நர்சம்மாவாலயும் சரியாச்சு, என் மையாலயும் சரியாச்சு."

சுவத்துல

புதுப் படத்தைப் பார்த்துட்டு ஆபீஸ் சார், "குழி எங்க மேடம்? அந்தப் பூரிப்பு எங்க? பழசையே போட்டுடலாம்"னாரு. பழசு இல்ல சார்னேன். அதைப் பார்த்து ஒரு பொண்ணு அதே மாதிரி கொடுத்தாலும் அந்தப் புள்ள பட்டினிதான்னு சொல்லி, எஸ்தர் சிஸ்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு. பொட்டையாவது எடுக்கலாமான்னு கேட்டாரு. பொட்டு போனா படமும் போயிடும் சார்னேன். அரை மனசா மாட்டினாங்க.

தடுப்பூசி போட கள்ளக்குறிச்சி வந்தப்போ கோகிலாவையும் மாமியாரையும் கூட்டிக்கினு போய்க் காட்டினேன். குழந்தை அடையாளமே தெரியல, தொடையில மடிப்பு விழுந்திருந்துச்சு. மாமியார் கிட்டப் போய்ப் பொட்டு ரெண்டும் இருக்கான்னு விரலை வெச்சுப் பார்த்துட்டு, சரின்னு நகர்ந்துட்டாங்க. கோகிலா மட்டும் ரொம்ப நேரம் நின்னா. இருபது வருஷத்துல யார் கருத்துக்கும் அப்படி பயந்ததில்ல.

"மொத படத்துலதான் நான் அழகா இருந்தேன்க்கா. இதுல பேக்கு மாதிரி இருக்கேன். ஆனா இதுலதான் எனக்கு வலி இல்ல."

ஆக, என் ஆயுசுலயே நல்லா வந்த படத்தை என் கையாலயே அழிச்சிட்டு, சுமாரா வந்த ஒண்ணைச் சுவத்துல மாட்டியிருக்கேன், அதுக்கு இதுவரைக்கும் வேற ஒருத்தரும் கருத்து சொல்லல, குழந்தை மட்டும் எடை ஏறிக்கினே இருக்கு.